சைபர் பாதுகாப்பு படிக்க எங்கே தொடங்குவது? - தளியிலிருந்து ஒரு பார்வை

ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் தளி. குளிர்ச்சியான ஊர் என்பதால் "லிட்டில் இங்கிலாந்து" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கும். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிக் கொண்டு ஓசூர் சிப்காட் பக்கம் போய்விடும்.

அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக் கொண்டு போகும் ஒரு பையனைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் அவன் இருக்கிறான். டிப்ளமோ முடித்தவன். காண்ட்ராக்டில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தால், பழைய லேப்டாப் ஒன்று காத்திருக்கிறது. 4 ஜி.பி. ராம். அவனுக்கு சைபர் பாதுகாப்பு படிக்க வேண்டும்.

"அதைப் படிச்சா வேலை கிடைக்குமாப்பா?" என்கிறார் அப்பா.

"கிடைக்கும்னு சொல்றாங்கப்பா."

"யாரு சொல்றாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இல்லை! சொல்வது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பயிற்சி மையங்களின் விளம்பரங்கள். "6 மாதத்தில் எத்திக்கல் ஹேக்கர், 100 சதவீதம் வேலை உறுதி" என்று பேருந்து நிலையச் சுவரில் கூட ஒட்டியிருப்பார்கள். கட்டணத்தைக் கேட்டால் அப்பா ஒரு மாட்டை விற்க வேண்டியிருக்கும். எனவே பணம் கட்டும் முன், இந்தத் துறையில் அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து விடுவது நல்லது.

ஆத்தூர்க்காரர் செய்தது

வெகு தூரம் போக வேண்டாம். சேலம் மாவட்டம் ஆத்தூரைச் சேர்ந்தவர் அருள்குமார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். 2013ல் அவருக்கு வயது 21. பேஸ்புக்கில் யார் போட்ட படத்தையும் அவர்களுக்குத் தெரியாமலே அழிக்க முடிகிற ஒரு ஓட்டையை அவர் கண்டுபிடித்தார்.

எப்படி? பேஸ்புக்கில் ஒரு படத்தைப் பற்றிப் புகார் செய்யலாம். அன்று நிர்வாகம் அதை நீக்காவிட்டால், "தயவுசெய்து நீக்குங்கள்" என்று படத்தின் சொந்தக்காரருக்கே வேண்டுகோள் அனுப்ப முடிந்தது. அந்த வேண்டுகோளில் நீக்குவதற்கான இணைப்பு இருந்தது. வேண்டுகோள் அனுப்பும் முகவரியில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று படத்தின் எண், இன்னொன்று யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருடைய எண். அருள்குமார் இரண்டாவது எண்ணை மாற்றி, அந்த இடத்தில் தன்னுடைய இன்னொரு கணக்கின் எண்ணைப் போட்டுப் பார்த்தார். நீக்கும் இணைப்பு அவருடைய கணக்கிற்கே வந்து விட்டது! "இந்தப் படம் உண்மையில் இவருடையதுதானா?" என்று சர்வர் கேட்கவே இல்லை.

அவர் அதை நிறுவனத்திற்கு எழுதினார. முதலில் அங்கிருந்த பொறியாளருக்கு அது சரியாகப் புரியவில்லை. "முயன்று பார்த்தேன், அழியவில்லை" என்று பதில் வந்தது. அருள்குமார் கோபப்படவில்லை. ஒவ்வொரு படியையும் வீடியோவாக எடுத்து அனுப்பினார். மார்க் சக்கர்பெர்க்கின் படத்தை வைத்தே செய்து காட்டினார், ஆனால் அழிக்கவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தாமல் நிறுத்திக் கொண்டார். ஓட்டை அடைக்கப்பட்டது. அவருக்கு 12,500 டாலர் பரிசு கிடைத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 8 லட்சம் ரூபாய்.

இதே 2013ல், சில வாரங்கள் முன்னால் நடந்த இன்னொரு கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாலஸ்தீனத்தைச் சேர்ந்த கலீல் ஷ்ரேதே, நண்பராக இல்லாதவரின் சுவரிலும் எழுத முடிகிற ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். "இது பிழை அல்ல" என்று பதில் வந்தது. அவர் பொறுமை இழந்து, சக்கர்பெர்க்கின் சுவரிலேயே எழுதிக் காட்டி விட்டார். பிழை உண்மைதான் என்று நிரூபணமானது. ஆனால் விதியை மீறி வேறொருவர் கணக்கில் கை வைத்ததால் பரிசு இல்லை என்று சொல்லி விட்டார்கள். பிறகு பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களே அவருக்காகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

இரண்டு பேருக்கும் திறமையில் குறை இல்லை. ஒருவர் கடைசிப் பொத்தானுக்கு முன் நின்றார், இன்னொருவர் அழுத்தி விட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான்.

ஆறு இலக்க எண்

சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா இன்னொருவர். 2015ல் பேஸ்புக் படத் தொகுப்புகளை அழிக்க முடிகிற ஒரு பிழைக்காக அவருக்கும் 12,500 டாலர் கிடைத்தது. 2019ல் அவர் இன்ஸ்டாகிராமைப் பார்த்தார். பாஸ்வேர்ட் மறந்து விட்டால் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வருமே, அதைத்தான் குறி வைத்தார்.

கணக்கு எளியது. ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள். 10 நிமிடத்தில் எண் காலாவதியாகி விடும. அதற்குள் எல்லா எண்களையும் முயன்று விட்டால் கணக்கு கையில். ஒரே இடத்திலிருந்து அதிகம் முயன்றால் இன்ஸ்டாகிராம் தடுத்து விடும். ஆனால் பல ஐ.பி. முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால் தடுப்பு வேலை செய்யவில்லை என்பதை அவர் கவனித்தார். 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். முழு 10 லட்சத்திற்கு 5,000 முகவரிகள் போதும், வாடகைக் கணினிகளுக்குச் சுமார் 150 டாலர்தான் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பரிசு 30,000 டாலர். 2021ல் மைக்ரோசாப்ட் கணக்குகளில் இதைப் போன்ற ஒரு பிழைக்கு 50,000 டாலர் பெற்றார்.

தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். இவர்கள் வெற்றி பெற்றதால் பெயர் தெரிகிறது. மாதக்கணக்கில் தேடியும் ஒன்றும் கிடைக்காதவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. பரிசுப் பணத்தை நம்பி வேலையை விடுவது, லாட்டரியை நம்பி நிலத்தை விற்பது போலத்தான்.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் எடுத்துக் கொள்ள வேண்டியது வேறு. இருவரும் மந்திரம் எதுவும் செய்யவில்லை. உலாவியும் சர்வரும் ஒன்றோடு ஒன்று என்ன பேசிக் கொள்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்கத் தெரிந்திருந்தது. ஓவாஸ்ப் என்ற அமைப்பு வலைத்தளங்களின் முக்கியமான பத்து ஆபத்துகளைப் பட்டியல் போடுகிறது. 2021 பட்டியலில் முதலிடம், அருள்குமார் கண்டுபிடித்த வகைக்குத்தான். அதாவது, "இதைச் செய்ய இவருக்கு உரிமை உண்டா?" என்று சரிபார்க்காத பிழை.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

தளிப் பையனிடம் இருப்பது பழைய லேப்டாப், மொபைல் டேட்டா, ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம். குறைவு என்று தோன்றும். ஆனால் வருடத்திற்குக் கணக்குப் போட்டால் 500 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்!

1. முதலில் நெட்வொர்க். ஐ.பி. முகவரி என்றால் என்ன, டி.என்.எஸ். என்ன செய்கிறது, போர்ட் என்பது என்ன. 80ம் 443ம் வலைத்தளத்திற்கு, 22 எஸ்.எஸ்.எச்.சுக்கு என்று மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொண்டு, ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, தன் கணினியிலிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தால் பத்து வகுப்புக்குச் சமம்.

2. அடுத்து லினக்ஸ். 4 ஜி.பி. ராம் உள்ள கணினிக்கும் லினக்ஸ் ஒத்து வரும். கட்டளைகளைப் புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும் என்பவர்களுக்கு, ஓவர் த வயர் தளத்தின் "பாண்டிட்" விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான பாஸ்வேர்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். கட்டணம் இல்லை. எழுத்து மட்டுமே என்பதால் டேட்டாவும் அதிகம் ஆகாது.

3. கொஞ்சம் நிரல். பைத்தான் போதும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். லினக்ஸின் பதிவுக் கோப்பைத் திறந்து, எந்த முகவரியிலிருந்து எத்தனை முறை தவறான பாஸ்வேர்ட் வந்தது என்று எண்ணிச் சொல்லும் இருபது வரி நிரல் எழுதினால், பாதுகாப்பு மையத்தில் நடக்கும் வேலையின் ஒரு சின்னத் துண்டைச் செய்து பார்த்த மாதிரி.

4. பிறகு வலைத்தளப் பாதுகாப்பு. போர்ட்ஸ்விக்கர் நிறுவனம் 2019ல் தொடங்கிய வெப் செக்யூரிட்டி அகாடமியில் பாடமும் பயிற்சிக் கூடமும் இலவசம். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட டி.வி.டபிள்யூ.ஏ. என்ற தளத்தைத் தன் கணினியிலேயே நிறுவிக் கொண்டு, அதை உடைத்துப் பார்க்கலாம். தன் வீட்டுப் பூட்டை உடைத்துப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

5. கடைசியாக, எழுதுவது. பலர் இதை விட்டு விடுகிறார்கள். என்ன செய்தோம், என்ன நடந்தது, எப்படிச் சரி செய்வது என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம் எளிய ஆங்கிலத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆத்தூர்க்காரருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்ததில் பாதி, அவர் பொறுமையாக விளக்கிய விதம்தான்.

இவற்றோடு, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டெல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. மாட்டை விற்க வேண்டிய அவசியம் உடனே இல்லை!

அனுமதி என்ற ஒரு சொல்

பாண்டிட் விளையாட்டில் பத்துப் படி தாண்டியதும் கை அரிக்கும். தான் படித்த கல்லூரியின் மதிப்பெண் பக்கத்தைத் திறப்பான். முகவரியின் கடைசியில் பதிவெண் தெரியும். ஒரு இலக்கத்தை மாற்றினால் பக்கத்து பெஞ்ச் நண்பனின் மதிப்பெண் வருமோ?

இங்கேதான் நிற்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 43வது பிரிவு, கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவதையும் தகவல் எடுப்பதையும் தவறு என்கிறது. அதையே தீய நோக்கத்தோடு, நேர்மையின்றிச் செய்தால் 66வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "கத்துக்கிறதுக்காகத்தான் செஞ்சேன் சார்" என்று காவல் நிலையத்தில் நின்று விளக்குவது சுலபமல்ல. வழக்கு ஒன்று பதிவானால், வேலைக்கு எடுக்கும் முன் பின்னணி விசாரிக்கும் இந்தத் துறையில் கதவு மூடிவிடும்.

பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் "எங்கள் தளத்தில் இந்த எல்லைக்குள் தேடலாம்" என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்த எழுத்துதான் அருள்குமாருக்கும் லக்ஷ்மணுக்கும் அனுமதிச் சீட்டு. அப்படி எழுதாத தளத்தில் தேடக் கூடாது. தற்செயலாக ஒரு ஓட்டை கண்ணில் பட்டால் மேற்கொண்டு துழாவாமல், பார்த்ததை மட்டும் எழுதி, 2004 முதல் இயங்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

முதல் வேலை எப்படி இருக்கும்?

சினிமாவில் வருவது போல இருக்காது. பெரும்பாலோருக்கு முதல் வேலை, எஸ்.ஓ.சி. எனப்படும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில். 24 மணி நேரமும் இயங்கும் இடம் என்பதால் நைட் ஷிப்ட் உண்டு. திரையில் எச்சரிக்கைகள் வந்து கொண்டே இருக்கும். பாதிக்கு மேல் பொய் எச்சரிக்கையாகவே இருக்கலாம். மேலாளர் வெளியூரிலிருந்து லாகின் செய்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குவியலுக்குள் உண்மையான ஒன்று ஒளிந்திருக்கும். அதைச் சலிக்காமல் தேடுவதுதான் வேலை.

அதுவும் உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கணினி பழுது பார்ப்பது, நெட்வொர்க் சப்போர்ட் போன்ற வேலையில் சேர்ந்து, அங்கிருந்து நகர்ந்தவர்கள் ஏராளம். செக்யூரிட்டி பிளஸ், சி.இ.எச். போன்ற சான்றிதழ்கள் விண்ணப்பத்தை மேசை வரை கொண்டு போகும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "டி.என்.எஸ். எப்படி வேலை செய்கிறது, சொல்லுப்பா" என்று கேட்கும் போது சான்றிதழ் பேசாது. எலெக்ட்ரானிக் சிட்டி தளியிலிருந்து வெகு தூரமில்லை என்பது ஒரு ஆறுதல்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கணினி வேலை தேடும் கிராமத்துப் பையன்களைக் குறி வைத்து ஒரு கூட்டம் இருக்கிறது. "தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டாலரில் சம்பளம்" என்று அழைத்துப் போய், மியான்மர் எல்லையில் மியாவாடி போன்ற இடங்களில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022ல் அங்கிருந்து தமிழ்நாட்டு இளைஞர்களை மீட்டுக் கொண்டு வந்தார்கள். கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே கதை நடந்தது. சைபர் குற்றத்தைத் தடுக்கப் படிக்கப் போனவன், சைபர் குற்றம் செய்யும் அடிமையாவதை விடக் கொடுமை உண்டா? டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அழைத்தால் போகவே கூடாது. பணம் ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

தளிப் பையனிடம் இருக்கும் துருப்புச் சீட்டு

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊர்ப் பையனுக்கும் பொருந்தும். ஓசூர் பக்கத்துப் பையனுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அவன் தினமும் நிற்கும் அந்தத் தொழிற்சாலைத் தளம்தான்!

இன்றைய தொழிற்சாலையில் எந்திரங்களை இயக்குவது பி.எல்.சி. என்ற சிறு கணினிகள். அவை பேசிக் கொள்ளும் மொழிகளில் ஒன்று மோட்பஸ். 1979ல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. அதனால் அதில் பாஸ்வேர்டே கிடையாது. யார் கட்டளை கொடுத்தாலும் எந்திரம் கேட்கும். 2010ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், இரானின் அணு எரிபொருள் எந்திரங்களின் பி.எல்.சி.க்களைத் தாக்கி, அவற்றைக் கெடுத்தது. 2019ல் நம் கூடங்குளத்தில் ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் ஒப்புக் கொண்டது. அது நிர்வாக நெட்வொர்க்கைச் சேர்ந்த கணினி, அணு உலைக் கட்டுப்பாட்டிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் விளக்கம் தந்தது. அந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

ஐ.டி. கம்பெனியிலிருந்து வரும் பாதுகாப்பு வல்லுநர், "அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று சுலபமாகச் சொல்லி விடுவார். ஓடிக் கொண்டிருக்கும் லைனை நிறுத்தினால் என்ன ஆகும், எந்த எந்திரத்தை எப்போது நிறுத்தலாம், நிறுத்தினால் யாருடைய கை மாட்டும் என்பது லைனில் நின்றவனுக்குத்தான் தெரியும். தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று தனித் துறையே இருக்கிறது. ஐ.இ.சி. 62443 என்று அதற்குத் தனி விதிமுறைத் தொகுப்பும் உண்டு. நெட்வொர்க்கும் தெரிந்து, பி.எல்.சி.யும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. டிப்ளமோவில் படித்த பி.எல்.சி. பாடத்தை "இது எதுக்கு உதவப் போகுது" என்று மூலையில் போட்டவன், அதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

ஆனால் ஒன்று. கம்பெனியின் எந்திரத்தில் ஒரு போதும் சோதித்துப் பார்க்கக் கூடாது. அங்கே தவறு நடந்தால் அழிவது ஒரு படம் அல்ல. ஒரு விரல் போகலாம், ஓர் உயிர் போகலாம். கற்றுக் கொள்ள இலவச பி.எல்.சி. போலி மென்பொருள்கள் இருக்கின்றன. வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம்.

அப்பாவின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் சொல்லலாம். "உடனே கிடைக்காதுப்பா. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம். அதுவரை ஷிப்டுக்கும் போறேன். காசு எதுவும் கட்டலை."

அப்பா யோசிப்பார். பிறகு, "சரி, கரண்ட் இருக்கறப்பவே படி" என்பார்.

நாளை விடியற்காலை அதே கம்பெனி பஸ் வரும். அவன் அதே ஜன்னலோரம் உட்காருவான். கையில் இருக்கும் போனில் நேற்று விட்ட பாடத்தின் அடுத்த பக்கம் திறந்திருந்தால், தொடங்கி விட்டான் என்று அர்த்தம்...